உறவில்லை என்று எழுதிக் கொடுத்தது

எங்கள் தெருவில் கையில் ஃபைலோடு ஒருவர் நுழைந்தால், அவர் கேட்பதற்கு முன்பே பதில் தயாராக இருக்கும். "எங்க சொந்தக்காரங்கதான் சார்." வீட்டு வரிக்காரர், கரண்டு மீட்டர் பார்ப்பவர், கணக்கெடுக்க வரும் டீச்சர், எல்லோருக்கும் அதே பதில்தான். மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் பின்போர்ஷன் இல்லாத வீடே கிடையாது. எல்லாவற்றிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்கு வேலைக்கு வருகிறவர்கள் குடியிருக்கிறார்கள். வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்று சொன்னால் வரி ஏறிவிடும், மீட்டரை மாற்றிவிடுவார்கள் என்று ஒரு பயம். உண்மையில் ஏறுமா என்று யாரும் போய் விசாரித்ததில்லை. எதிர்வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்கிறவள், தன் மாடியில் இருந்த அசாம் பையன்கள் ஆறு பேரையும் அக்கா பிள்ளைகள் என்று சொன்னாள். வந்தவர் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார், இவள் முகத்தைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பொய் என்றுகூடத் தோன்றாது.

என் வீட்டுக்காரர் இறந்து போன பிறகு பின்போர்ஷன் ஒரு வருடம் பூட்டியே கிடந்தது. ஆள் பார்த்து, பேசி, வாடகைக்கு விடுவதற்கு எனக்குச் சாமர்த்தியம் இல்லை. வெளி ஆட்கள் எதிரில் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடையில்கூட, எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போகும்வரை நின்றுகொண்டே இருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு கேட்டு ஒருத்தி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். நாற்பது வயது இருக்கும். எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. மகள் அப்போதுதான் பதினொன்றாம் வகுப்பு. உள்ளே வரச் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"நாங்கள் இலங்கை ஆக்கள், அம்மா. அகதி முகாமில பதிவு. பிறகு தெரிஞ்சு நீங்கள் வெளியில போகச் சொல்லுறதவிட, இப்பவே சொல்லிப்போட்டுக் கேக்கிறன். இண்டைக்கு இது நாலாவது வீடு."

நான் நல்ல மனதால் சரி என்றேன் என்று சொல்ல மாட்டேன். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லத் தெரியவில்லை. அவ்வளவுதான். அந்த மூன்று வீட்டுக்காரர்களுக்கும் சொல்லத் தெரிந்திருந்தது.

பட்டாபிராமில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போயிருக்கும் என் மகன் போனில் கத்தினான். "எம்மா, ஒனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? நாளைக்கு போலீசு கீலீசுன்னு வந்தா நீ பேசுவியா?"

மாவுக்காரி வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "யக்கா, சிலோன்காரங்கள வெச்சிகினு கீறியே, தைரியந்தான் போ. நாளைக்கு இன்னா ஆவும்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த அந்த வருடம், இங்கே வீடு வீடாகத் தேடினார்கள். பின்தெருவில் ஒரு வீட்டில் சிலோன் பையன்கள் இரண்டு பேர் குடியிருந்தார்கள். அவர்களோடு சேர்த்து வீட்டுக்காரரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தவர், அதன் பிறகு அந்த வீட்டை யாருக்கும் விடவே இல்லை. அது எனக்குள் எங்கேயோ கிடந்தது.

அவள் ஆறு வயதில் படகில் வந்தவள். மண்டபத்தில் இறங்கி, அங்கிருந்து லாரியில் ஏற்றி வேலூர்ப் பக்கம் ஒரு முகாமில் விட்டார்களாம். அங்கேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணம். மகள் பிறந்தது வேலூர் ஆஸ்பத்திரியில். புருஷன் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. என்னை ஆன்ட்டி என்பதை அன்ரி என்று கூப்பிட்டாள். வீட்டுக்குள் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்பாள், இங்கே என்பதற்கு "இஞ்ச" என்பாள். கேட்டைத் தாண்டி வெளி ஆட்களிடம் என்றால் மாவுக்காரி மாதிரியே பேசுவாள். மகளோ உள்ளேயும் வெளியேயும் எங்கள் பேச்சுதான்.

அவளுடைய அலுப்பைப் பார்த்துப் பார்த்து எனக்கே உடம்பு வலிக்கும். மாதத்தில் ஒரு நாள் முகாமில் செக்கிங். அன்றைக்கு ஆபீசர் வந்து பெயர் கூப்பிடுவார். ஆள் நேரில் நிற்க வேண்டும். இரண்டு மூன்று தடவை இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் அந்த ஒரு அறை வீடு போகும், அகதி அட்டை போகும், இந்த நாட்டில் இருப்பதற்கான கணக்கே போய்விடும். என்றைக்குச் செக்கிங் என்று முதல் நாள்தான் சொல்வார்கள். உடனே மகளையும் இழுத்துக்கொண்டு அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு ஓடி, அரக்கோணத்தில் வண்டி மாறி, காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டும். வெயிலில் வரிசையில் நின்று, பெயர் வந்ததும் ஓம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அதே வழியில் திரும்பி வந்து, மறுநாள் ஷிப்டுக்குப் போவாள். அந்த நாளில் மகளுக்குப் பள்ளிக்கூடம் தவறிப்போகும். இவளுக்குக் கம்பெனியில் ஏச்சு.

"சூப்பர்வைசர் கேக்கிறான் அன்ரி, மாசா மாசம் உனக்கு எந்த ஊர்த் திருவிழா எண்டு."

வெளிப்பதிவு என்று ஒன்று இருக்கிறது. முகாம் வீட்டையும் மாதப் பணத்தையும் விட்டுவிடுகிறோம் என்று எழுதிக் கொடுத்து, வெளியில் குடியிருக்கும் இடத்தின் போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துகொள்வது. அதற்கு அவள் மனு போட்டாள். மனு எங்கெங்கோ போய் வரும், கடைசியில் இந்த விலாசத்தில் உண்மையாகவே இருக்கிறாளா என்று விசாரிக்க ஆள் வரும் என்றாள். மனு முடிகிறவரை வெளியில் தங்கிக்கொள்ள முகாம் ஆபீசில் ஒரு கடிதமும் கொடுத்திருந்தார்கள். அதற்கும் ஒரு கடைசித் தேதி இருந்தது.

"நீங்கள் ஒண்டும் பெரிசாச் சொல்லத் தேவையில்ல. ஓம், என்ர வீட்டில இருக்கினம் எண்டு மட்டும் சொன்னாக் காணும்."

சரி என்றேன். நாலு மாதம் யாரும் வரவில்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

பிறகு, அவளுடைய அரையாண்டுப் பரீட்சை நேரத்தில் ஒரு நாள் மதியம் ஒருவர் வந்தார். பேண்ட், சட்டை, கையில் ஃபைல். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு வெளியே வந்தேன்.

"பின்னாடி யாரும்மா இருக்காங்க?"

"எங்க சொந்தம்தான் சார்."

"என்ன சொந்தம்?"

"தங்கச்சி மக."

"எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கம் சார்." எனக்குத் தங்கச்சியே கிடையாது. திண்டிவனத்துக்கு நான் போனதும் கிடையாது.

அவர் ஃபைலைப் பிரித்து அவள் பெயரைச் சொன்னார். இந்தப் பெயரில் சிலோன்காரங்க யாராவது இங்கே குடியிருக்கிறார்களா என்று கேட்டார். பின்தெரு வீட்டுக்காரர் ஜீப்பில் ஏறியது ஞாபகம் வந்தது. போலீஸ் என்றால் காக்கிச் சட்டையில் வருவார்கள், அவளும் கூட இருப்பாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நான் நினைத்து வைத்திருந்தேன். இவர் யாரோ, எதற்கு இவளைத் தேடுகிறாரோ. முதலில் சொன்னதை மாற்றிச் சொல்லவும் வாய் வரவில்லை.

"அப்படி யாரும் இல்ல சார்."

எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னார். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போட்டேன்.

அவர் பைக்கை எடுத்தபோதுதான் முன்பக்கம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். போலீஸ் என்று சிவப்பும் நீலமுமாக. அவர் வண்டியை உதைத்து, திருப்பி, மெதுவாகத்தான் போனார். குழி நிறைந்த தெரு. ஒரு சத்தம் போட்டிருந்தால் நின்றிருப்பார். தெருவில் யாரையும் சத்தமாகக் கூப்பிட்டுப் பழக்கமில்லை எனக்கு. கேட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் முனையில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அவர் வேறு எதற்கோ வந்திருப்பார், நாம் காப்பாற்றித்தான் விட்டிருக்கிறோம் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். இப்படி ஒரு மாதம் ஓடியது.

அடுத்த செக்கிங்குக்குப் போனவள் கையில் ஒரு காகிதத்தோடு திரும்பினாள். விசாரணையில், மனுதாரர் கொடுத்த விலாசத்தில் அப்படி யாரும் வசிக்கவில்லை என்று தெரியவந்ததால் மனு நிராகரிக்கப்படுகிறது. கடிதத்தின் தேதி முடிவதற்குள் இருவரும் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. மகளுக்குப் பரீட்சை தொடங்க ஏழு வாரம் இருந்தது.

அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"எதிர்வீட்டு மாவுக்காரிதான் அன்ரி. நான் வந்த நாளில இருந்து அவவுக்கு எங்களப் பிடிக்கேல்ல. விசாரிக்க வந்தவனுக்கு என்னமும் சொல்லிவிட்டிருப்பா."

அன்றிலிருந்து மாவுக்காரி எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகளைத் தெருக்கோடிக் கடைக்கு அனுப்பி மாவு வாங்கினாள். மாவுக்காரி என்னிடம் வந்து கேட்டாள். "இன்னாக்கா, ஒன் குடித்தனக்காரி இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு போறா? நான் இன்னா பண்ணேன்?"

நான் உள்ளே போய்விட்டேன். மூன்றாம் நாள் தாங்க முடியவில்லை. பின்போர்ஷன் தொட்டியடியில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். நின்றபடியே, அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

அவள் அலசுவதை நிறுத்தவில்லை. ஒரு பாவாடையை இரண்டு தடவை பிழிந்தாள். மகள் உள்ளே சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. அவளும் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு அவள் சிரித்தாள். சிரிப்பு என்று சொல்லலாமா தெரியவில்லை.

"இத்தன வருசத்தில, சொந்தம் எண்டு எங்களை ஒருத்தரும் சொன்னதில்ல அன்ரி. நீங்கள் சொன்னீங்கள். அதை ஏன் போலீசிட்டப் போய்ச் சொன்னீங்கள்?"

மகள் வாசல்படிக்கு வந்து நின்றாள். "விடும்மா. அங்க போயே எழுதிக்கிறேன்."

"அங்க போய் எப்படியடி எழுதுவாய்? ஹால் டிக்கெட் இஞ்சதானே?"

நான் போய் மாவுக்காரியிடமும் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "யக்கா, வரிக்காரனுக்குச் சொல்றத போய் போலீசுகாரனுக்குச் சொன்னியா? சரி, பொடவய மாத்து. ஸ்டேசனுக்குப் போலாம். நீ தனியாப் போனா நாளைக்கு வரிக்கும் வாசல்லயே நின்னுகினு இருப்ப."

என் மகன் வர முடியாது என்று சொல்லிவிட்டான். அதனால் நாங்கள் மூன்று பேர் போனோம். நான், அவள், மாவுக்காரி. விசாரிக்க வந்தவர் வெளியே போயிருப்பதாக ஸ்டேஷனில் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மதியத்துக்கு மேல் வந்தார். என்னைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

மாவுக்காரி முந்திக்கொண்டாள். "சார், இது ஒண்ணும் தெரியாத ஜீவன் சார். பயந்துகினு ஒளறிட்ச்சி. இவங்க ரொம்ப நல்லவங்க சார், ரெண்டு வருசமா..."

"நீ யாரும்மா?"

"எதிர்வூடு சார்."

"எதிர் வீட்டையா விசாரிச்சேன்? செத்த நேரம் சும்மா இரு. அவங்க பேசட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரைட்டர் மேஜைக்காரரும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் பேசாவிட்டால் அந்தப் பெண் பரீட்சை எழுத முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

"சார், அன்னிக்கு நான் சொன்னது பொய் சார். இவ என் ஊட்லதான் கீறா."

"அப்புறம் ஏம்மா தங்கச்சி மகன்னு சொன்னீங்க?"

"எங்க தெருவுல அப்டித்தான் சொல்வோம் சார்."

ரைட்டர் மேஜைக்காரர் சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அவரும் அன்றைக்கு எத்தனை வீடு ஏறி இறங்கினாரோ.

"நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர் மேல போயிடுச்சு. அத நான் திருப்பி இழுக்க முடியாது. இவங்க புதுசா மனு போடணும். நீங்க ஒரு வாக்குமூலம் எழுதிக் குடுங்க, அதோட சேத்து அனுப்புறேன். உங்க கையெழுத்துல இருக்கணும். எழுதத் தெரியுமா?"

தெரியும் என்றேன். எனக்கு ஐந்தாவது வரை படிப்பு. கடிதம் என்று ஒன்று எழுதி நாற்பது வருடம் இருக்கும். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மேற்படி நபரும் அவர் மகளும் என் வீட்டின் பின்பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள் என்று எழுதினேன். முன்பு விசாரணையில் தவறான தகவல் கொடுத்தேன் என்று எழுதினேன். அடுத்த வரியை அவர் சொன்னார். "மேற்படி நபர் எனக்கு எந்த வகையிலும் உறவினர் அல்ல."

பேனா நின்றுவிட்டது.

"அது எழுதணுமா சார்?"

"முன்னாடி உறவுன்னு சொல்லியிருக்கீங்க இல்ல? அத மறுத்தாத்தான் இது நிக்கும்."

அவள் என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. "எழுதுங்கோ அன்ரி," என்றாள். எழுதினேன். அல்ல என்பதற்கு ஒரு ல்-ஐ விட்டுவிட்டு மேலே சொருகினேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று அவர் வேறு தாள் கொடுத்தார். மறுபடி முதலிலிருந்து எழுதினேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. புது மனு நகர்வதற்குள் கடிதத்தின் தேதி முடிந்துவிட்டது. அவள் வேலையை விட்டுவிட்டு, ஒரு பையோடு முகாமுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் காட்டி, மகளை மட்டும் பரீட்சை முடியும்வரை இங்கே விட அனுமதி வாங்கினாள். அந்தப் பெண் இரண்டு மாதம் என்னோடு இருந்தாள். அவளுக்கு என் மேல் கோபம் இருந்தது. போட்டதைச் சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள், பின்னால் போய்ப் படிப்பாள். என்ன கேட்டாலும் ஒரு வார்த்தைதான் பதில். நியாயந்தானே என்று நானும் விட்டுவிட்டேன். கடைசிப் பரீட்சை முடிந்து வந்த அன்றைக்கு, "வெண்டக்கா கொழம்பு நல்லா இருந்திச்சு," என்றாள். அது முந்தின நாள் வைத்த குழம்பு.

மகளும் முகாமுக்குப் போன பிறகு, இரண்டாம் விசாரணைக்கு அதே போலீஸ்காரரே வந்தார். ஆள் எங்கே என்றார். முகாமில் என்றேன்.

"இங்க இல்லாதவங்கள இங்க இருக்காங்கன்னு நான் எப்படிம்மா எழுதறது?"

"இங்க இருக்கக் கூடாதுன்னு சொன்னதாலதான சார் அங்க போயிருக்கா."

இவ்வளவு பேசினேனா என்று எனக்கே ஆச்சரியம். அவர் பின்போர்ஷனைத் திறக்கச் சொன்னார். அடுப்பு, மூன்று தட்டு, சுவரில் ஆணியில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டை, மகளின் புத்தகக் கட்டு. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். கண்ணாடி உள்ளே இருந்தது. போய் எடுத்து வர வெட்கமாக இருந்ததால் படிக்காமலே போட்டேன்.

கோடை முடியும்போது உத்தரவு வந்தது. அவள் திரும்பி வந்தாள். பழைய கம்பெனியில் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது ஒரு பிஸ்கட் கம்பெனியில் நின்றபடியே அட்டைப்பெட்டி மடிக்கிறாள். கால் வீங்கிவிடுகிறது. மகள் ஆவடியில் காலேஜுக்குப் போகிறாள். செக்கிங் இல்லை. ஆனால் உத்தரவு ஒரு வருடத்துக்குத்தான். வருடா வருடம் ஸ்டேஷனில் போய்ப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வீட்டு ஓனரின் வாக்குமூலம் வேண்டும். முதல் ஃபைலில் தங்கச்சி மகள் என்று என் கையெழுத்தோடு இருக்கிற பேப்பர் இன்னும் இருக்கிறதாம். யார் புதிதாக வந்தாலும் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். நான் மறுபடி அந்த வரியை எழுதுகிறேன்.

இந்த வருடம் போனபோது அந்த ஆள் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவர் சின்னப் பையன் மாதிரி இருந்தார்.

"உறவாம்மா?"

"இல்ல சார்," என்றேன்.

சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. மளமளவென்று எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, மூன்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நாலு மணிக்குள் வரச் சொன்னார். மூன்றரை ஆகியிருந்தது. எனக்கு முட்டி வலி, படியில் இறங்க அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஜெராக்ஸ் கடையில் கரண்டு இல்லை. வந்துவிடும் என்றார் கடைக்காரர். அடுத்த கடை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். எப்படியாவது அவள் ஓடிவிடுவாள், என்னால் முடியாது. ஆனால் வீட்டு ஓனரும் குடியிருப்பவரும் சேர்ந்துதான் வந்து கொடுக்க வேண்டுமாம்; அவள் திரும்பி வந்து என்னைக் கூட்டிப்போவதற்குள் நாலு தாண்டிவிடும்.

"இருங்கோ அன்ரி, வந்திடும்," என்று அவள் கடைக்காரரிடம் ஸ்டூல் கேட்டு எனக்குப் போட்டாள். தன் வீங்கின காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, அந்தத் தாள் கசங்காமல் இரண்டு கையிலும் பிடித்தபடி நின்றாள். நான் கடையின் ட்யூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.